செவிலி கூற்று: கன்னிவாடிப் பக்கத்திலிருந்து ஒரு சுகாதார வரலாறு

1

கன்னிவாடி என்றதும் வட்டார வரலாறு எழுதுகிறவர்களுக்குப் பாளையம்தான் ஞாபகத்துக்கு வரும். நாயக்கர் காலத்தில் திண்டுக்கல் சீமைப் பாளையங்களில் முன்வரிசையில் இருந்தது அது. பிறகு ஜமீன். அதற்குப் பிறகான வரலாறு என்றால் திண்டுக்கல்–மதுரை சாலைக்கு, காந்திகிராமத்துக்கு நகர்ந்துவிடும். 1947ல் டாக்டர் டி.எஸ். சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய நிறுவனம், சின்னாளபட்டியில் சின்னதாக ஆரம்பித்துப் பெரிதாகிய கஸ்தூரிபா மருத்துவமனை, 1964ல் அங்கே உருவான கிராமிய சுகாதார நிறுவனம் என்று அந்தக் கதை ஓடும். முதல் கதையில் பாளையக்காரர். இரண்டாவது கதையில் டாக்டர், காந்தியவாதி, நன்கொடை தந்தவர்.

இந்த ரெண்டு கதையிலும் வராத ஒருத்தி இருக்கிறாள். பிறந்த புள்ளைக்கு ஊசி போடுகிறவள், எடை பார்க்கிறவள், வராத புள்ளையை வீடு தேடிப் போய்க் கூட்டி வருகிறவள், எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுகிறவள். கன்னிவாடிப் பக்கம் 'நர்சம்மா' என்பார்கள், ஆஸ்பத்திரியில் இருந்தால் 'சிஸ்டர்'. 'நர்சம்மா வந்துட்டாகளா?' என்ற கேள்வியில்தான் புதன்கிழமை காலை தொடங்குகிறது. 'டாக்டர் வந்துட்டாரா?' என்பது அதற்கப்புறம் வருகிற கேள்வி.

கிராமப்புறக் குழந்தை மருத்துவம் நம் ஊர்களில் நடைமுறையில் செவிலியர்களால் நிர்வகிக்கப்பட்டு வந்திருக்கிறது. அந்த நிர்வாகத்தை நிர்வாகம் என்று ஒப்புக்கொள்ளாமல் 'சேவை' என்றும் 'தாய்மை' என்றும் பெயரிட்டதால்தான் அதிகாரத்தை மேலே வைத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் கீழே இறக்க முடிந்தது. இந்தப் பெயர் சூட்டலுக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் விளைவுகளைக் குழந்தைகள் உடம்பில் சுமக்கிறார்கள். இதுதான் நான் சொல்ல வருவது.

2

தமிழ் படித்தவனுக்கு 'செவிலியர்' என்ற சொல்லை அவ்வளவு எளிதாகத் தாண்டிப் போக முடியாது. இலங்கையிலும் மலேசியாவிலும் தாதி என்கிறார்கள். இங்கே நாம் சங்க இலக்கியத்திலிருந்து செவிலியை எடுத்து அரசுப் பணியாளருக்குச் சூட்டினோம். செவிலி வளர்ப்புத் தாய். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. அகப்பாடல்களில் மகள் உடன்போக்குப் போன பிறகு பாலை வழியில் தேடிப் போகிறவள் இவள்தான். இன்றைக்கு ஊசி போடாமல் விட்டுப்போன புள்ளையைத் தேடி மலையடிவாரத்தில் நடக்கிற நர்சம்மாவுக்கு இந்தப் பெயர் பொருத்தமாகத்தான் படுகிறது. பொருத்தமாகப் படுவதில்தான் சிக்கலும் இருக்கிறது. 'தாய்' என்று சொல்லிவிட்டால் வேலை நேரம் என்று ஒன்று இருக்காது. தாய்க்குப் பதவி உயர்வு எதற்கு, சங்கம் எதற்கு என்ற கேள்விகள் தானாக வந்து நிற்கும். ஒரு தொழிலாளியை உறவுமுறைக்குள் தள்ளிவிட்டால் அவளோடு பேரம் பேச வேண்டியதில்லை.

நாம் மரபிலிருந்து ஒரு பாதியை எடுத்துக்கொண்டு மறு பாதியை விட்டுவிட்டோம். தொல்காப்பியம் களவில் பேச உரிமை உள்ளவர்களை எண்ணிச் சொல்கிறது. பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி ஆகிய அறுவர். தந்தைக்கும் தமையனுக்கும் நேர்க் கூற்று கிடையாது. அவர்கள் சொன்னதாகப் பிறர் எடுத்துச் சொன்னால்தான் உண்டு. வீட்டு அதிகாரம் முழுவதையும் கையில் வைத்திருக்கும் ஆண்கள் பாட்டுக்குள் வாய் திறக்க முடியாது. செவிலிக்கு முடியும். 'செவிலி கூற்று' என்று தனித் துறைகளே இருக்கின்றன. இந்த இலக்கணம் செவிலியின் அறிவை மதித்திருக்கிறது. மகளின் உடம்பு மெலிவதை முதலில் கவனிப்பவள் அவள், ஆகவே பேசுகிறாள்.

நவீன சுகாதாரச் சொல்லாடலில் இது தலைகீழாகக் கிடக்கிறது. துறையும் பேராசிரியரும் நிதி தருபவரும் பேசுகிறார்கள். செவிலி சொன்னதாக அவர்கள் எடுத்துச் சொன்னால்தான் உண்டு. பெயரை வாங்கிக்கொண்டு கூற்றைப் பறித்துக்கொண்டார்கள்.

இந்தப் பெயருக்கு அடியில் இன்னொரு பெயரும் புதைந்திருக்கிறது. நர்சம்மாவுக்கு முன்னால் ஊர்களில் பிரசவம் பார்த்தவள் மருத்துவச்சி. பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண். அவள் கையில் பிறந்த புள்ளையைக் கொஞ்சிய ஊர் அவளைத் திண்ணையில் உட்கார வைக்கவில்லை. ரத்தமும் மலமும் தொடும் வேலை தீட்டு என்று கருதப்பட்டதால் நவீன செவிலியர் தொழிலுக்கும் ஆதிக்க சாதிப் பெண்கள் தொடக்கத்தில் வரத் தயங்கினார்கள். கிறித்தவப் பெண்களும் ஆங்கிலோ-இந்தியப் பெண்களும் அதிகமாக வந்ததற்கு இது முக்கியமான காரணம். 'அறிவு டாக்டருக்கு, கைவேலை நர்சுக்கு' என்ற பிரிவினையை மேற்கத்திய மருத்துவம்தான் கொண்டுவந்தது என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. தொடுகிறவள் தாழ்ந்தவள் என்ற நம்மூர்ச் சட்டம் அதற்கு முன்பே தயாராக இருந்தது.

3

இனி எண்களுக்கு வருவோம். எண்களிலும் அரசியல் இருக்கிறது.

1939ல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அந்த வகையில் முதலாவது. தாய் சேய் நலத்துக்கான நடவடிக்கைகளை உள்ளாட்சிகளின் கடமையாக அது ஆக்கியது. 1946ல் போர் குழு அறிக்கை வந்தது. குறுகிய காலத் திட்டமாக 40,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்று அது பரிந்துரைத்தது. அதன் ஆள் கணக்கைப் பாருங்கள்: டாக்டர்கள் 2, பொதுச் சுகாதார செவிலியர் 4, செவிலியர் 1, மருத்துவச்சிகள் 4, பயிற்சி பெற்ற தாய்மார் என்று சொல்லப்பட்ட ஊர் மருத்துவச்சிகள் 4. டாக்டர் இருவருக்கு எதிரே பிரசவமும் குழந்தையும் பார்க்க 13 பெண்கள். சுகாதார நிலையம் என்று நாம் சொல்வது பிறக்கும்போதே பெண்கள் நடத்தும் அமைப்பாகத்தான் வரையப்பட்டிருக்கிறது. தலைமை யாருக்கு என்பதில் மட்டும் அந்த எண்ணிக்கைக்கு மரியாதை இல்லை.

கன்னிவாடிக்குப் பக்கத்தில் இதைச் சோதித்துப் பார்த்த இடம் ஆத்தூர் ஒன்றியம். சேலம் ஆத்தூரைச் சொல்லவில்லை, திண்டுக்கல் ஆத்தூர். 1959ல் காந்திகிராமம் அங்கே ஒரு முன்னோடி சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. ஃபோர்டு அறக்கட்டளை ஆதரவு கொடுத்தது. குடும்பக் கட்டுப்பாட்டு ஆய்வாளர்கள் பல நாடுகளிலிருந்து வந்து பார்த்துப்போன 'ஆத்தூர் அனுபவம்' அதுதான். டாக்டர் சௌந்திரத்தின் பங்கைக் குறைப்பது என் நோக்கமில்லை. டி.வி. சுந்தரம் அய்யங்கார் வீட்டில் பிறந்து, இளம் வயதில் விதவையாகி, டெல்லியில் டாக்டருக்குப் படித்து, அன்றைக்கு அந்தச் சாதியில் நினைக்கவே முடியாத மறுமணம் செய்துகொண்டு, இந்த வறண்ட பூமியில் வந்து உட்கார்ந்தவர். 1952ல் ஆத்தூரிலும் 1957ல் வேடசந்தூரிலும் சட்டமன்றத்துக்கும், 1962ல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் போனவர். ஆனால் ஒரு ஒன்றியம் முழுக்க வீடு வீடாகக் கணக்கெடுத்து, கர்ப்பிணியைப் பெயர் பெயராக எழுதி, பிறந்த குழந்தையைப் பின்தொடரும் வேலையை ஒரு தலைவரால் செய்ய முடியாது. அதைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற பெண்கள். 'அனுபவம்' என்று பெயர் வைத்தார்கள். யாருடைய அனுபவம் என்று கேட்கத் தோன்றுகிறது.

அதே காலகட்டத்தில் உலகில் வேறு இடங்களிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. நைஜீரியாவில் டேவிட் மோர்லி என்ற குழந்தை மருத்துவர் 1950களின் பிற்பகுதியில் இமேசி-இலே கிராமத்தில் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கான கிளினிக்கை நடத்தினார். நோய் பார்ப்பது, மருந்து கொடுப்பது, தடுப்பூசி போடுவது, எடை பார்ப்பது எல்லாவற்றையும் அங்கே செவிலியர்களே செய்தார்கள். புள்ளையின் எடைக் கோடு வரைந்த அட்டை ஆஸ்பத்திரி அலமாரியில் இல்லாமல் தாயின் கையில் இருந்தது. 1965ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து, குழந்தைகளைத் தானே பரிசோதித்து முடிவெடுக்கும் செவிலியரை உருவாக்கும் படிப்பைத் தொடங்கினார்கள். அங்கே இன்று செவிலியர் கிளினிக்கின் தலைமை வரைக்கும் போகிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. 1926ல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த குடும்ப நல மருத்துவமாது முறைதான் அங்கே தாய் சேய் மரணங்கள் குறைந்ததன் முதுகெலும்பு.

நம் பக்கம் வந்தது வேறு வகை. 1973ன் கர்த்தார் சிங் குழு, துணைச் செவிலியரைப் 'பல்நோக்குப் பணியாளர்' ஆக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் அவள் கிராம சுகாதார செவிலியர் ஆனாள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒருத்தி, மலையில் 3,000 பேருக்கு ஒருத்தி. பல்நோக்கு என்றால் என்ன? கர்ப்பம், பிரசவம், குழந்தை, மலேரியா, காசநோய், குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் ஒருத்தி தலையில். நோக்கங்கள் பலவாயின, உரிமைகள் பலவாகவில்லை.

4

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்காமல் இதை நிர்வாகம் என்று சொன்னால் வெறும் கோஷமாகிவிடும். ஆகவே புதன்கிழமையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். தமிழ்நாட்டில் புதன் தடுப்பூசி நாள்.

தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரைக்குள் இருக்க வேண்டும். சுகாதார நிலையத்தின் பெட்டியில் வெப்பநிலையைக் காலையும் மாலையும் பார்த்து எழுத வேண்டும். கரண்டு போனால் பெட்டியைத் திறக்கக் கூடாது. சில மருந்துகள் சூட்டில் கெடும், சில உறைந்தால் கெடும். ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டிக்குள் ஐஸ் கட்டிகளை நேராக அடுக்கினால் உறையக் கூடாத மருந்து உறைந்துவிடும் என்பதால் முதலில் அவற்றை வெளியே வைத்துக் கொஞ்சம் இளக விட வேண்டும். குப்பி மேலே வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருக்கிற வரை மருந்து நல்லது. வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது சுலபம். வெயில் காலத்தில் தருமத்துப்பட்டி தாண்டி ஆடலூர், பன்றிமலைப் பக்கம் பெட்டியோடு ஏறுகிறவளுக்கு அது ஒவ்வொரு மணி நேரத்துக்குமான கணக்கு.

அடுத்த கணக்கு இன்னும் நுட்பம். பி.சி.ஜி. குப்பி பத்துப் பேருக்கானது. தட்டம்மைக் குப்பி ஐந்து பேருக்கானது. கரைத்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். வந்திருப்பது ரெண்டே புள்ளை. குப்பியை உடைப்பதா, 'அடுத்த வாரம் வாங்க' என்பதா? உடைத்தால் மருந்து விரயம் என்று மேலிடம் கேட்கும். உடைக்காவிட்டால் கூலியை விட்டுவிட்டு வந்த அம்மா அடுத்த வாரம் வராமல் போகலாம். அந்த அம்மா களை பறிக்கப் போகிறவளா, மில்லுக்குப் போகிறவளா, மலையில் காப்பித் தோட்டத்துக்குப் போய்விடுவாளா என்று தெரிந்தவளால்தான் இந்த முடிவை எடுக்க முடியும். இது வணிக நிர்வாகப் பள்ளிகளில் சொல்லித் தரும் இருப்பு மேலாண்மைக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. அங்கே சரக்கு மீந்தால் நட்டம், இங்கே குழந்தை மீந்தால் அம்மை.

அதற்கப்புறம் வராதவர்கள் பட்டியல். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண்ணின் புள்ளை எந்த ஊர்க் கணக்கில் வரும்? திருப்பூருக்குப் பிழைக்கப் போன குடும்பத்தின் புள்ளைக்கு ரெண்டாவது தவணையை யார் போடுவார்கள்? போன முறை ஊசி போட்டுக் காய்ச்சல் வந்ததென்று மாமியார் தடுக்கிற வீட்டில் என்ன பேசுவது? 'காச்ச வந்தா ஊசி வேலை செய்யுதுன்னு அர்த்தம்த்தா' என்ற ஒற்றை வாக்கியத்தில் நோயெதிர்ப்பியல் அடங்கியிருக்கிறது. மொழிபெயர்ப்பு பற்றி இத்தனை பேசுகிற நாம் இதை மொழிபெயர்ப்பாகக் கவனித்திருக்கிறோமா?

இவளுக்கு மேலே ஒரு ஏணி இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர், பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர், கடைசியில் மாவட்ட தாய் சேய் நல அலுவலர். துணை நிலையத்தில் பெட்டி தூக்கத் தொடங்கியவள் மாவட்டம் முழுவதும் ஊசித் திட்டத்தை மேற்பார்வை செய்யும் இடம் வரை போகலாம். தமிழ்நாட்டு அமைப்பின் நல்ல அம்சம் இது. ஆனால் ஏணியின் எந்தப் படியிலும் சுகாதார நிலையத்தின் தலைமை அவளுக்கு இல்லை. அது மருத்துவ அலுவலருக்கு. முப்பது வருஷம் அந்த நிலையத்தை நடத்திப் பார்த்தவள், போன மாசம் பணியில் சேர்ந்த இருபத்தாறு வயசு டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நிற்கிறாள். அந்த டாக்டர் மேல் பழியில்லை. பல சமயம் அவருக்கு வேலை சொல்லித் தருகிறவளும் இவள்தான். அமைப்பின் விதி அப்படி.

5

செவிலியரை அப்பழுக்கற்ற தியாக உருவமாக வரைந்தால் நானும் 'தாய்மை' கதையாடலுக்குள்தான் விழுவேன். மிஷல் பூக்கோ 'கிளினிக்கின் பிறப்பு' நூலில் (1963) பேசிய மருத்துவப் பார்வை, ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நிற்கும் டாக்டர்களின் பார்வை. நம் ஊர்களில் அந்தப் பார்வை நடந்து வந்தது. அடுப்படி வரைக்கும் வந்தது. எத்தனை மாசம், எத்தனை புள்ளை, கடைசி எப்போது என்று கேட்டு எழுதிக்கொண்டது. எழுதியவள் அரசின் கண்தான்.

அந்தக் கண் செய்த வேலைகள் ஒரே மாதிரியானவை இல்லை. 1980ல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கியது. அப்போது கன்னிவாடியும் மதுரை மாவட்டம்தான், திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985ல். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாமல் நிற்கும் குழந்தையைக் கண்டுபிடித்துக் குறிப்பிட்ட காலம் மட்டும் சத்துணவு கொடுப்பது அதன் முறை. ஊரிலேயே தேர்ந்தெடுத்த ஊட்டச்சத்துப் பணியாளரும் கிராம சுகாதார செவிலியரும் சேர்ந்து செய்த வேலை. உலக வங்கியின் சிக்கன புத்தி இதில் இல்லாமல் இல்லை. இருந்தாலும் மெலிந்த பிறகு பார்ப்பதற்குப் பதிலாக மெலியத் தொடங்கும்போதே பார்க்கும் பழக்கத்தை அது கொண்டுவந்தது. செவிலிக்குக் கூற்று உரிமை தந்த பழைய இலக்கணமும் அந்தக் கவனிப்பை நம்பியதுதான்.

அதே கைகள் குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குகளையும் சுமந்தன. மாசத்துக்கு இத்தனை பேரை ஆபரேஷனுக்குக் கூட்டி வர வேண்டும் என்ற கணக்கு. ஊசி போட வருகிறாளா, ஆள் பிடிக்க வருகிறாளா என்ற சந்தேகம் ஊருக்கு வந்தது நியாயம்தான். இலக்கு முறை நாடு முழுக்கக் கைவிடப்பட்டது 1996ல். இலக்கை வைத்தது யார் என்பதை ஊர் பார்க்கவில்லை, வாசலில் நின்றவளைத்தான் பார்த்தது. அதிகாரம் முகம் காட்டாமல் இருக்க அவள் முகம் உதவியது.

மூன்றாவதாக ஒன்று. 1990களில் ஆரம்ப சுகாதார நிலையங்களின் சிசு மரணப் பதிவுகளில் 'சமூகக் காரணங்கள்' என்றொரு வகை இருந்தது. பெண் சிசுக் கொலைக்கு அரசு மொழி கண்டுபிடித்த இடக்கரடக்கல் அது. ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் இந்தப் பதிவுகளை வைத்துத்தான் தமிழ்நாட்டில் பெண் சிசுக் கொலையின் பரப்பை 1997ல் எழுதிக் காட்டினார்கள். 1992ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001ல் திண்டுக்கல் உட்பட்ட மாவட்டங்களுக்கு விரிந்தது. ஆய்வு பேசப்பட்டது, திட்டம் பேசப்பட்டது. அந்த எண்ணுக்கு மூலம் எது? ஏழாம் நாள் குழந்தை இல்லாத வீட்டில் போய் நின்று, 'பால் பொரையேறிப் போச்சு' என்ற பதிலைக் கேட்டு, அதை நம்பாமல் எழுதிய ஒருத்தியின் பேனா. அவளும் அதே ஊரில்தான் மறுநாள் நடக்க வேண்டும். சில இடங்களில் எழுதாமலும் விட்டிருப்பார்கள், பயம் இருந்திருக்கும். எழுதியவர்களின் துணிச்சலுக்கு நம் பெண்ணிய வரலாற்றில் ஒரு பத்தி கூட இல்லை.

6

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. அந்தத் துயரத்தை எந்த வாதத்துக்கும் கருவியாக்கக் கூடாது. ஆனால் அதற்கு அரசு கண்ட தீர்வு நம் விவாதத்துக்கு உரியது. ஊர்களில் போடுவதை நிறுத்தி, டாக்டர் முன்னிலையில் சுகாதார நிலையத்தில்தான் ஊசி என்று மாற்றினார்கள். முப்பது வருஷமாக ஊருக்குள் போன பெட்டி நின்றது. ஊர் பெட்டியிடம் வர வேண்டும் என்றானது.

பாதுகாப்புக்கு ரெண்டு வழி உண்டு. செவிலியரின் பயிற்சியை, கருவிகளை, அவசர மருந்தை, உதவி ஆளைக் கூட்டுவது ஒன்று. அவளிடமிருந்து முடிவை எடுத்து மேலே வைப்பது இன்னொன்று. இரண்டாவது வழி சுலபமானது, செலவு குறைவு. அந்தச் செலவைத் தாய்மார்கள் கட்டினார்கள், பஸ் காசாக, ஒரு நாள் கூலியாக. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புகளைப் பாருங்கள். 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் எல்லாத் தடுப்பூசியும் போட்டவர்கள் தமிழ்நாட்டில் 2005-06ல் 80.9 சதவீதம். 2015-16ல் 69.7. வீழ்ச்சி முழுவதையும் 2008 ஆணையின் கணக்கில் எழுதிவிட முடியாது. 1998-99ல் சுமார் 89 ஆக இருந்தது முன்பே இறங்கத் தொடங்கியிருந்தது. ஆனால் இறங்குகிற நேரத்தில் ஊருக்குள் போகும் காலைக் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்று சொல்லப் பெரிய ஆய்வு தேவையில்லை. பிறகு ஊர்களுக்கு முகாம்கள் திரும்பின. 2019-21 கணக்கெடுப்பில் 89.2க்கு ஏறியது.

நடுவில் 2017 பிப்ரவரி. தட்டம்மை–ருபெல்லா முகாம் தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களில் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. படித்த பெற்றோர்களே பள்ளியில் ஊசி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. வெளிநாட்டுச் சதி, மருந்துக் கம்பெனி லாபம் என்றெல்லாம் பேசப்பட்டதில் நம் இடதுசாரி, மாற்று மருத்துவ நண்பர்கள் சிலரின் குரலும் கலந்திருந்தது. மருந்துக் கம்பெனிகளின் அரசியலைப் பேசத்தான் வேண்டும். ஆனால் தட்டம்மை என்றால் என்ன என்று தெரிந்த கிராமச் செவிலியரிடம் நம்மில் எத்தனை பேர் போய்க் கேட்டோம்? அறிவை விமர்சிக்கப் புறப்பட்ட நாம், விளிம்பிலிருக்கும் அறிவைக் கேட்க மறந்தோம்.

இன்னொரு பக்கம் வேலை நிலைமை. 24 மணி நேர சுகாதார நிலையங்கள் ஒப்பந்தச் செவிலியர்களை நம்பித்தான் விரிந்தன. 2015ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் எடுக்கப்பட்டவர்கள் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் இருந்தார்கள். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற வாக்குறுதி நிறைவேறாததால் 2017 நவம்பரில் சென்னையில் ஆயிரக்கணக்கில் திரண்டு போராடினார்கள். கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஓடு முடிக்கப்பட்டது. கைதட்டச் சொன்ன தேசம், சம்பளப் பட்டியலில் தட்டிக் கழித்தது. போராடினால் 'புனிதமான தொழிலில் இருந்துகொண்டு இப்படியா?' என்ற கேள்வி வரும். செவிலி என்ற பெயர் இங்கேதான் அரசுக்குப் பயன்படுகிறது.

கிராமச் செவிலியருக்கோ பதிவேடுகள் போதாதென்று கணினிப் பதிவும் வந்தது. பிக்மி என்ற தளத்தில் ஒவ்வொரு கர்ப்பிணியையும் குழந்தையையும் ஏற்ற வேண்டும். ஒரு தாயும் விட்டுப்போகாமல் பின்தொடர அது உதவும் என்பதை ஒத்துக்கொள்ளலாம். ஆனால் மலையடிவாரத்தில் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி நிற்கிற நேரம் எந்த வீட்டுக்குப் போகாத நேரம்? முன்பு அவள் எழுதியதை அவளே திருப்பிப் படித்து யாரைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தாள். இப்போது மேலே இருப்பவர்கள் படிப்பதற்காகவும் எழுதுகிறாள்.

7

தமிழ்நாட்டின் சிசு மரண விகிதம் 2000ல் ஆயிரத்துக்கு 51. 2020ல் 13. இந்தச் சாதனைக்கு உரிமை கொண்டாடும் கட்சிகளின் பட்டியல் நீளம். முப்பது சொச்சம் வயசான என் தலைமுறை, 1985ல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் தொடங்கியதற்குப் பிறகு பிறந்தது. எங்கள் இடது தோளில் பி.சி.ஜி. தழும்பு இருக்கிறது. யார் போட்டது என்று எங்களுக்குத் தெரியாது. நமக்குக் கிடைத்த முதல் அரசு முத்திரை அது, கையெழுத்து இல்லாத முத்திரை.

சிறுபத்திரிகைகளில் அடித்தள மக்கள் வரலாறு என்று நிறைய எழுதிவிட்டோம். கலகக்காரர்களைத் தேடினோம், கிடைத்தார்கள். தினசரி வேலை செய்தவர்களைத் தேடவில்லை. இன்றைக்கு எழுபது, எண்பது வயசில் ஓய்வுபெற்ற செவிலியர்கள் திண்டுக்கல் சுற்றுவட்டார ஊர்களில் இருக்கிறார்கள். இலக்கு காலத்தையும் எடைக் காலத்தையும் முதல் ஐஸ் பெட்டியையும் பார்த்தவர்கள். அவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்வது வட்டார வரலாற்றுக்காரர்கள் உடனே செய்ய வேண்டிய வேலை. பாளையக்காரர் செப்பேடு இன்னும் பத்து வருஷம் காத்திருக்கும், இவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

இயக்கத்தில் இருக்கிற தோழர்களுக்கு ரெண்டு விஷயம். செவிலியர் போராட்டத்தைச் சம்பளப் பிரச்சினையாக மட்டும் ஆதரிப்பது போதாது. துணை நிலையத்தில் என்ன மருந்து, எத்தனை ஆள், எந்த நாளில் எந்த ஊர் என்று தீர்மானிக்கும் உரிமையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சுகாதார நிலையத்தின் நிர்வாகத் தலைமைக்கு அனுபவம் மிக்க செவிலியர் ஏன் வரக் கூடாது என்பதையும் கேட்க வேண்டும். டாக்டர் வைத்தியம் பார்க்கட்டும், நிலையத்தை நடத்தத் தெரிந்தவள் நடத்தட்டும். சீர்திருத்தவாதக் கோரிக்கை என்று சிலர் சிரிக்கலாம். ரெண்டு புள்ளைக்காகக் குப்பியை உடைக்கலாமா வேண்டாமா என்ற முடிவு யாரிடம் இருக்கிறது என்பதில்தான் கன்னிவாடிப் பக்கம் அதிகாரம் இருக்கிறது.